ஐயா குடித்த தேநீர்

ஒரு மாதத்துக்கு மேலாக இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று எத்தனை வாசகர்கள் கேட்டார்கள் என ஆசிரியரிடம் விசாரித்தேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டப விளம்பரம் போட்டோம். நல்ல வரவேற்பு’ என்றார்.

சரி. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் ஊர் எரிந்தது.

காட்டுத்தீ என்றால், யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் கிடக்கும் எங்கள் இறுப்பிட்டி ஆட்களுக்கு அது டிவியில் பார்க்கிற சாமான். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தியாகு அண்ணையின் மகள் கனடாவில் காடு எரிகிறதென்று பிள்ளைகளையும் பாஸ்போர்ட்டுகளையும் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டை விட்டு ஓடிய கதையைக் கேட்டு, நாங்கள் எல்லோரும் ஒழுங்காக உச்சுக்கொட்டினோம். ‘இஞ்சயே இருந்திருக்கலாம். இஞ்ச என்ன காடே கிடக்கு எரியிறதுக்கு?’ என்று தியாகு அண்ணைக்கு ஆறுதல் சொன்ன அறிவாளி யார்? இந்தப் பத்தியை எழுதுகிறவர்தான்.

காடு இல்லைதான். பனங்கூடல் இருக்கிறது, நெருங்கி வளர்ந்த பனந்தோப்பு. அதன் சொந்தக்காரர்கள் லண்டன், பாரிஸ், டொரண்டோ என்று இருக்கிறார்கள். காய்ந்த ஓலையை இறக்க ஆள் இல்லை. ஒவ்வொரு பனையும் காவோலையால் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே ஆள் உயரத்துக்கு வடலி என்கிற இளம் பனையும் புல்லும். போன மாரியில் ஒரு பருவத்துக்கான மழை முழுவதும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்து, நிற்க ஒரு குளம் இல்லாமல் நேரே கடலுக்குள் போனது. தைக்குப் பிறகு பெயருக்கும் ஒரு துளி இல்லை. வெயிலோ... அதை வெயில் என்று மட்டும் சொன்னால் மரியாதை போதாது.

அப்படியான ஆவணி மாதத்து மத்தியானம் ஒன்றில், தென்மேற்கில் இருந்து வரும் சோளகக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வீசும்போது, கூடலின் தெற்கு மூலையில் புகை எழும்பியது. நெருப்பு வைத்தது யார்? ஆளுக்கொரு கதை. குப்பைக்கு வைத்த நெருப்பு என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் குப்பைக்கு நெருப்பு வைப்பது எங்கள் ஊரில் நேற்றுத் தொடங்கிய பழக்கமா? முந்தியும் வைத்தோம். குப்பைதான் எரிந்தது. இப்போது வைத்தால் ஊர் எரிகிறது. மாறியது நெருப்புப் பெட்டி இல்லையே!

கோயில் மணி அடித்தது. நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால் ஆபத்து என்று விளங்கவேண்டும். இரண்டொரு பேர் விசேஷ பூசை என்று நினைத்துக் குளித்து, திருநீறு பூசி வந்து சேர்ந்தார்கள். பரவாயில்லை, வந்தார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு வேப்பங்குழையைக் கையில் கொடுத்து நெருப்பை அடிக்க அனுப்பினோம்.

நானும் அடித்தேன். வீரமாக அடித்தேன். புகையில் கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியவில்லை. ஒரு அடிக்கட்டையை விடாமல் சாத்திக்கொண்டு நின்றேன். பின்னால் மனைவியின் குரல் கேட்டது.

‘இஞ்சேருங்கோ, அது எப்பவோ நூந்து போச்சு. அங்காலை எரியுது, அதைப் பாருங்கோ.’

அங்காலே பார்த்தேன். எரிகிற காவோலைகள் காற்றில் பறந்து பறந்து அடுத்த பனையில் போய் உட்கார்ந்தன. அந்தப் பனை பற்ற, அதில் இருந்து அடுத்தது. நெருப்பு நேரே தியாகு அண்ணையின் வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் எழும்பி நடக்க ஏலாத அவருடைய மனைவி.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. அது பட்டணத்தில் இருந்து, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதிப் பாதைகள் தாண்டி வரவேண்டும். தீவுப் பக்கம் ஒரு வண்டி நிறுத்துங்கள் என்று நாங்கள் கேட்காத அரசியல்வாதி இல்லை. ‘ஆகட்டும்’ என்று சொல்லாத அரசியல்வாதியும் இல்லை.

அந்த இடத்தில் தண்ணீர் இருந்தது ஒரே ஒரு கிணற்றில். தியாகு அண்ணையின் பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்காவின் கிணறு.

தீவுக்கு வெளியே இருக்கிற வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின் மேலே படிந்திருக்கும் ஒரு மெல்லிய படை. வாளியால் மெல்ல அள்ளினால் தந்துகொண்டிருக்கும். மோட்டர் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் கடல் மேலே ஏறிவிடும். ஏறினால் பிறகு நல்ல மாரி ஒன்றோ இரண்டோ பெய்து கழுவவேண்டும். ஒழுங்கை முழுவதும் குடிப்பது அந்தக் கிணற்றை நம்பித்தான். அதனால் அக்காவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஆரும் அள்ளலாம், ஆனால் வாளியால் மட்டும். ஒருமுறை நான் சின்ன மோட்டர் ஒன்று வைத்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். ‘உமக்கு முதுகு நோகுதெண்டால் பரியாரியிட்டைப் போம். என்ரை கிணத்திலை கை வையாதையும்’ என்றார்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். அக்காவும் தியாகு அண்ணையும் கதைப்பதில்லை. வேலி. ஒரு வருஷம் தியாகு அண்ணை வேலி அடைத்தபோது அது அக்காவின் பக்கம் ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்பது அக்காவின் கட்சி. இல்லை, அக்காவின் கண்தான் நகர்ந்துவிட்டது என்பது அண்ணையின் கட்சி.

நெருப்பு அந்த வேலிக்கே வந்துவிட்டது. அக்கா கிணற்றுக் கட்டில் நின்று பார்த்தார். பிறகு கத்தினார்.

‘தியாகு! உன்ரை தோட்டத்து மோட்டரைக் கொண்டுவந்து இதுக்குள்ளை இறக்கு!’

தியாகு அண்ணை அசையவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அக்கா அவருடைய பெயரைச் சொல்லியிருக்கிறார். அதுவும் மோட்டரோடு சேர்த்து.

‘அக்கா... கிணறு பழுதாப் போடுமெல்லே?’

‘கிணத்தைப் பேந்து பாப்பம். உள்ளுக்கை கிடக்கிறவளைப் பேந்து பாக்க ஏலுமே? இறக்கடா, மடையா!’

இறக்கினோம். மோட்டர் ஓடியது. கூரையை நனைத்தோம், மாட்டுக் கொட்டிலை நனைத்தோம், வேலியை நனைத்தோம். கிணற்றின் அடி தெரியும்வரை உறிஞ்சினோம். அதற்குள் தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது. வந்த பெடியள் பாவம், அந்த ரோட்டில் எவ்வளவு வேகமாக வரலாமோ அவ்வளவு வேகமாக வந்திருந்தார்கள். இருட்டுவதற்குள் நெருப்பு அடங்கியது. கூடலில் பாதி போனது. வீடு நின்றது.

கிணறு?

அடுத்த நாள் ஊறிய தண்ணீர் சாடையாகக் கரித்தது. அதற்கடுத்த நாள் சவர்க்காரம் நுரைக்கவில்லை. ஒரு கிழமையில் அது கிணறு இல்லை, கடலின் ஒரு கிளை. அக்கா ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்தார். துப்பினார். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாட்டுக்குப் புல் போடப் போனார். அந்த மாடுகளுக்கும் அதே தண்ணீர்தான்.

எங்கள் சனசமூக நிலையத்து ஆட்கள் அலைந்து திரிந்து, கிழமைக்கு இரண்டு தரம் ஒரு தண்ணீர் பவுசர் வண்டி வர ஒழுங்கு செய்தார்கள். அதோடு ஐயா நேரில் வந்து பார்ப்பார் என்றும் செய்தி வந்தது. ஐயா யார் என்று சொல்லமாட்டேன். நீங்கள் வாக்குப் போட்ட ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடாவிட்டாலும் வந்திருப்பார்.

ஐயா வருவதற்கு முதல் நாள் கூட்டம். ஐயாவிடம் என்ன கேட்பது? அது கெதியாக முடிந்துவிட்டது. மழை வரும்வரை பவுசர். மழை வருவதற்குள் குளத்தைத் தூர் வாரித் தரவேண்டும், அப்போதுதான் கிணறு திரும்பும். மிச்சக் கூடலுக்கு நடுவால் ஒரு நெருப்புத் தடுப்புப் பாதை. மூன்றுதான். பிறகு வந்தது முக்கியமான விஷயம். ஐயாவுக்கு என்ன கொடுப்பது? வடையா, ரோல்ஸா? இதற்குத்தான் விவாதம் சூடு பிடித்தது. அதன் நடுவே தியாகு அண்ணை எழும்பினார்.

‘எல்லாம் சரி. உந்த உப்புத் தண்ணியிலையோ, மருந்து மணக்கிற பவுசர் தண்ணியிலையோ ஐயாவுக்குத் தேத்தண்ணி குடுக்கப் போறியள்? ஊரின்ரை மானம் என்னாகிறது?’

சபை திடுக்கிட்டது. மெய்தானே! வீடு தேடி வந்த மனிசனுக்கு உப்புத் தேத்தண்ணியா? எங்கள் பரம்பரையிலேயே இல்லாத பழக்கம். உடனே தீர்மானம் நிறைவேறியது. தாம்போதி தாண்டி வேலணையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக் கிணற்றில் இருந்து நல்ல தண்ணீர் கொண்டுவருவது. கொண்டுவருபவர்? என்னிடம் ஸ்கூட்டர் இருந்தது. விதி.

அதிகாலையில் போய், தண்ணீர்க் கானை இரண்டு காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, குண்டும் குழியுமான ரோட்டில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து சேர்த்தேன். பெருமையாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் ஊர் இன்னும் பெரிய காரியம் செய்திருந்தது. ரோட்டோரத்துச் சாம்பல் முழுவதையும் கூட்டி அள்ளியிருந்தார்கள். கருகிய வேலியை மறைத்துப் புது ஓலை கட்டியிருந்தார்கள். கிணற்றுக் கட்டில் படிந்திருந்த கரியை, பவுசர் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள்!

தீ வந்த ஊருக்கு விருந்தாளி வருகிறார் என்று, தீ வந்த தடயத்தை எல்லாம் துடைத்து வைத்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

ஐயா வந்தார். வாகனங்கள், கமரா, மாலை. கூடலை வாகனத்தில் இருந்தே பார்த்தார். அக்காவின் முற்றத்தில் கதிரை போட்டு இருத்தினோம். ஐயா பேசினார். நன்றாகப் பேசினார். காலநிலை மாற்றம், பூமி வெப்பமாதல், கார்பன், துருவப் பனி... துருவக் கரடிவரைக்கும் வந்தது.

‘இது ஒரு உலகளாவிய பிரச்சினை. பெரிய பெரிய நாடுகளே என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்குதுகள். நாங்கள் சின்ன நாடு. அதிலையும் நீங்கள் சின்னத் தீவு. என்ன செய்ய ஏலும், சொல்லுங்கோ?’

சொன்னோம். குளத்தைச் சொன்னோம். ‘ஆகட்டும், பாப்பம். அதுக்குத் திட்ட ஆய்வு வேணும்’ என்றார். தடுப்புப் பாதையைச் சொன்னோம். ‘தனியார் காணி. வெளிநாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் எல்லாற்றை சம்மதமும் வேணும்’ என்றார். இதே ஐயா, சில வருஷங்களுக்கு முதல் நாங்கள் வறட்சி என்று போனபோது, ‘காலநிலை மாற்றமெல்லாம் வெள்ளைக்காரன்ரை கதை, மழை தன்ரை பாட்டிலை வரும்’ என்று சொல்லி அனுப்பியவர். முதலில் அப்படி ஒன்றே இல்லை என்றார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில், ஏதாவது செய்வதற்கென்று ஒரு காலம் இருந்திருக்கவேண்டுமே... அது எப்போது வந்து எப்போது போனது?

அந்த நேரம் தேநீர் வந்தது. ஐயா ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

‘அடடா! தீவுப் பக்கம் தண்ணி உப்பெண்டு சொல்லுறவை. இது தேன் மாதிரியெல்லே கிடக்கு! உங்களுக்குத் தண்ணிப் பிரச்சினை எண்டு ஆர் சொன்னது?’

ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். நான் திறந்திருக்கலாம். எனக்குத்தான் வாய் பெரிது. ஆனால் என்ன சொல்வது? ‘ஐயா, உது உங்களுக்கெண்டு வேலணையிலை இருந்து காவின தண்ணி’ என்றா? விருந்துக்கு வந்தவரின் முகத்தில் அடித்த மாதிரி அல்லவா இருக்கும்? அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தியாகு அண்ணை தேநீர்க் கேத்தலோடு முன்னால் பாய்ந்தார்.

‘இன்னும் கொஞ்சம் விடட்டே ஐயா?’

ஐயா இரண்டாவது கோப்பையும் குடித்தார். போகும்போது தன் செயலாளரிடம் ஏதோ மெல்லச் சொன்னார். என்ன சொன்னார் என்பது அடுத்த கிழமை தெரிந்தது. பவுசர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வரவில்லை. விசாரித்தால், தண்ணீர்த் தட்டுப்பாடு கூடிய இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

அன்று பின்னேரம் அக்கா எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். கூடவே, தலையைக் குனிந்துகொண்டு தியாகு அண்ணை. இருவரும் இப்போது கதைக்கிறார்கள். கதைப்பது என்றால் அக்கா பேசுகிறார், அண்ணை கேட்கிறார்.

‘எங்கடை கிணத்தைக் குடுத்து இவன்ரை வீட்டைக் காப்பாத்தினன். அது போகட்டும். நீங்கள் ரெண்டு பேரும் சேந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணியாலை என்ரை பவுசரைக் கலைச்சுப் போட்டியள். இவனுக்கு மூளை இல்லை, எல்லாருக்கும் தெரியும். நீர் பேப்பரிலை எழுதுறனீர். உமக்குமே இல்லை?’

எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று விளக்க நினைத்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

‘ஐயா எப்ப ஆக்களைச் சந்திக்கிறவர்?’

‘புதன்கிழமையிலை, பட்டணத்து அலுவலகத்திலை.’

‘புதன்கிழமை வெளிக்கிடும். நாங்களும் வாறம்.’

புதன்கிழமை போனோம். மூன்று பேரும் பஸ்ஸில். அக்காவின் மடியில் ஒரு தேநீர் ஃபிளாஸ்க். அலுவலகத்தில் கூட்டம். எங்கள் முறை வந்ததும் ஐயா எழும்பிக் கைகூப்பினார். அதில் அவர் குறை வைக்கமாட்டார்.

‘வாங்கோ அக்கா, வாங்கோ! எப்பிடி உங்கடை கிணத்துத் தண்ணி?’

‘அதைத்தான் கொண்டுவந்தனான் ஐயா. உங்களுக்குப் பிடிச்சிருந்ததெல்லே?’

ஃபிளாஸ்க்கின் மூடியில் ஊற்றி நீட்டினார். சீனி, தேயிலை எல்லாம் தாராளம். ஐயா வாங்கி, கமராக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஒரு பெரிய வாய் குடித்தார்.

நான் பல மேடைகளில் பல முகங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கன்னம் உப்பியது. கண் சிவந்தது. துப்ப இடம் தேடியது. ஆனால் சுற்றிவர ஆட்கள். முன்னால் கமரா. தலை நரைத்த ஒரு பெண் அன்போடு கொண்டுவந்து கொடுத்த தேநீர். ஐயாவும் யாழ்ப்பாணத்தில் பிறந்த பிள்ளைதான், எங்களைப் போல. மானம் அவருக்கும் உண்டு.

விழுங்கினார்.

‘என்ன அக்கா... இது?’

‘எங்கடை கிணறு ஐயா. நீங்கள் அண்டைக்குக் குடிச்சது வேலணைத் தண்ணி. மரியாதைக்குக் காவினது. என்ரை பேரன் இதைத்தான் குடிக்கிறான். மாடு இதைத்தான் குடிக்குது. இவன்ரை மனிசி படுக்கையிலை கிடந்து இதாலைதான் மருந்து விழுங்குது. பவுசரை மாத்தினியள். எங்களுக்குத் தட்டுப்பாடு இல்லை எண்டு சொன்னது ஆர்? தேத்தண்ணியே?’

செயலாளர் ஓடிப்போய் ஒரு தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்தார். ஐயா அதை முழுவதும் குடித்து முடிக்கும்வரை நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவர் தாகம் தீரக் குடிப்பதைப் பார்ப்பது இவ்வளவு எரிச்சலான காட்சி என்று அன்றுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பவுசர் வந்தது.

சந்தோஷமா? இல்லை. எனக்கு அன்றில் இருந்துதான் கோபமே கூடியிருக்கிறது. யோசித்துப் பாருங்கள். திட்ட ஆய்வு வேண்டாம், சம்மதம் வேண்டாம், பெரிய நாடுகள் கூடிப் பேசவும் வேண்டாம். ஒரு வாய் உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கியதும் ஒரு பவுசர் அசைந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை காலமும் ஏலாமல் இருக்கவில்லை. உறைக்காமல் இருந்திருக்கிறது. குளத்துக்கு எத்தனை வாய் ஊற்றவேண்டும்? தீயணைப்பு வண்டிக்கு எத்தனை ஃபிளாஸ்க்? புகையை எந்தப் போத்தலில் பிடித்துக்கொண்டு போவது?

எங்கள் மீதும் கோபம்தான். கருகின வேலிக்குப் புது ஓலை கட்டியது ஐயா இல்லை. நாங்கள். அவர்களுக்கு எங்கள் நிலைமை தெரியாது என்று குறை சொல்கிறோம். தெரியாதபடிக்குக் கூட்டி, கழுவி, இனிப்புப் போட்டுக் கொடுக்கிறோம்.

குளம் தூர் வாரப்படவில்லை. ஆய்வு நடக்கிறதாம். சோளகம் இன்னும் ஓயவில்லை. மிச்சப் பாதிக் கூடல் காவோலையோடு அப்படியே நிற்கிறது. அதற்கு அடுத்த பக்கத்தில்தான் பள்ளிக்கூடம். இன்னொரு தரம் பற்றினால், இறைப்பதற்கு இன்னொரு கிணறு இல்லை.

ஆகையால் வரும் சனிக்கிழமை, செல்வராணி அக்காவின் தலைமையில், ஊர் கத்தி கோடரியோடு கூடலுக்குள் இறங்குகிறது. நடுவால் ஒரு அகலப் பாதை வெட்டுவதாக முடிவு. எத்தனையோ பேருடைய எல்லைக்கு மேலாலும், எத்தனையோ பேருடைய வேலிக்கு ஊடாகவும் அது போகும். முதல் வேலி தியாகு அண்ணையின் வேலி. அதைத் தானே பிடுங்குகிறேன் என்று அண்ணை சொல்லிவிட்டார். ஒரு முழம் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி அதோடு தீர்ந்தது.

மற்றக் காணிச் சொந்தக்காரர்களிடம் நாங்கள் சம்மதம் கேட்கவில்லை. இந்தப் பத்தியை இணையத்தில் வாசிக்கும் யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் தாராளமாக நேரில் வந்து சொல்லலாம்.

தேநீர் தருவோம்.